தொட்டிக்கு மூடி கிடையாது, ரேக்தான் மூடி: பாம்புத் தீனிக்குச் சுண்டெலி வளர்க்க வீட்டிலேயே ஒரு ரேக்

“எலியைப் பிடிக்கக் கூண்டு வைத்த காலம் போய், எலிக்கு நீ வீடு கட்டிக் கொடுக்கிறியாடா?” என்று அம்மா ஃபோனில் கேட்டபோது நான் கராஜில் ஒரு கையில் கம்பி வலையும் மறு கையில் ஸ்டேப்ளருமாக உட்கார்ந்திருந்தேன். ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் 14 கார்ன் ஸ்னேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த, விஷமில்லாத பாம்பு. ஆயுசு முழுக்கச் சுண்டெலி கொடுத்தே வளர்த்துவிடலாம். அந்தச் சுண்டெலியை வீட்டிலேயே வளர்க்க நான் கட்டிய மூன்றடுக்கு ரேக்கைப் (தொட்டிகளை மேஜை டிராயர்போல இழுத்துத் தள்ளும் மரச்சட்டம்) பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டு முறை தப்பாகக் கட்டி, மூன்றாவது முறை சரியாக வந்தது. அந்த மூன்றாவதைச் சொல்கிறேன்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. இங்கே இருப்பவர்களும் நகர விதிகளையும், இருந்தால் எச்ஓஏ எனும் குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தின் விதிகளையும் ஒரு தடவை படித்துவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

முதலில் கணக்கு

ரேக் உங்களுக்குத் தேவையா என்று பார்த்துவிடுவோம். ஒரு ஆண், மூன்று பெண் சுண்டெலிகளை ஒரு தொட்டியில் விட்டால், சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஒரு ஈற்றுக்கு 6 முதல் 10 குட்டி சாதாரணம். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் பெண் சுண்டெலி மறுபடி சினைப்பட்டுவிடும். ஆக, ஒரே தொட்டியிலிருந்து மாதம் இருபது, இருபத்தைந்து குட்டிகளை எதிர்பார்க்கலாம். வளர்ந்த கார்ன் ஸ்னேக் ஒன்றுக்குப் பத்து நாளுக்கு ஒரு பெரிய சுண்டெலி போதும், மாதம் மூன்று. என் 14 பாம்புக்கு மாதம் 42. இரண்டு தொட்டி ஈனுவதற்கு, ஒரு தொட்டி பால் மறந்த குட்டிகள் வளர்வதற்கு. மூன்று தொட்டி என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

உங்களிடம் இரண்டு பாம்புதான் இருக்கிறதென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உறைய வைத்த சுண்டெலியை வாங்கிப் போடுவது மலிவு, நாற்றமும் இல்லை. ரேக் கட்டுவது ஒரு வார இறுதி வேலைதான். அதைச் சுத்தம் செய்வது ஒவ்வொரு வார இறுதியும் வரும் வேலை.

தொட்டி வாங்காமல் மரத்தைத் தொடாதீர்கள்

ஹோம் டிப்போ, லோஸ் போன்ற கடைகளில் சிமென்ட் கலக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி கிடைக்கும். சிறியது ஏறத்தாழ 26க்கு 20 அங்குலம், ஆழம் 6 அங்குலம். கெட்டியான பிளாஸ்டிக். உள்பக்கம் வழவழப்பாக, மூலைகள் வளைந்து இருப்பதால் பல் வைத்துக் கடிக்க விளிம்பு கிடைக்காது. துணி போட்டு வைக்கும் மெல்லிய டப்பாக்கள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மூலையில் ஒரு வாரத்தில் ஓட்டை விழும்.

“ஏறத்தாழ” என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு தொட்டிக்கு நடுவே அரைக்கால் அங்குல வித்தியாசம் பார்த்திருக்கிறேன். என் முதல் ரேக் வீணாய்ப் போனதே இதனால்தான். அளவை எங்கோ படித்து மரத்தை வெட்டிவிட்டு, தொட்டியை அப்புறம் வாங்கினேன். அதனால் தேவையான தொட்டிகளோடு கூடுதலாக ஒன்றும் சேர்த்து ஒரே நாளில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று அளவு எடுக்கவும்: மேல்விளிம்பின் மொத்த அகலம், அந்த விளிம்புக்குக் கீழே தொட்டி உடம்பின் அகலம், ஆழம். கீழே நான் கொடுக்கும் அளவுகள் எல்லாம் என் தொட்டிக்கு. உங்கள் தொட்டி என்ன சொல்கிறதோ அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

மரமும் வலையும்

கால்களுக்கு 2க்கு 4 கட்டை, 8 அடி நீளத்தில் இரண்டு. பெயர்தான் 2க்கு 4, உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். அதேபோல 1க்கு 2 ரீப்பர் என்பது முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை. இந்தக் கணக்கை மறந்தால் எல்லாம் கோணும். ரீப்பரில் பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், வளைந்தது இருந்தால் கடையிலேயே ஒதுக்கிவிடுங்கள். தரையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலே தெரியும். ரம்பம் இல்லாதவர்கள் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லலாம். மருந்தூட்டிய பச்சை நிறக் கட்டை மட்டும் வேண்டாம், இவை எதையும் கடிக்கும் ஜீவன்கள்.

வலை, கால் அங்குலக் கண் உள்ள துத்தநாக முலாம் பூசிய கம்பி வலை. கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோண வலையைக் கொண்டுவந்தால் அன்று ராத்திரியே வீடு முழுக்கச் சுண்டெலிதான். தீனிப் பெட்டிக்கு மட்டும் அரை அங்குலக் கண் வலை கொஞ்சம் வேண்டும். புது வலையை வினிகர் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள், ஒட்டியிருக்கும் துத்தநாகத் துகள் போய்விடும். வெட்ட, தகரம் வெட்டும் கத்தரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய கம்பி நுனி ஊசி மாதிரி இருக்கும்.

கூட்டுவது

நான்கு கால்களையும் 42 அங்குலத்துக்கு வெட்டவும். இரண்டிரண்டு காலாகத் தரையில் படுக்க வைத்து, முன்கால் விளிம்பிலிருந்து பின்கால் விளிம்பு வரை 26 அங்குலம் வரும்படி ஒரு பக்கச் சட்டமாக்க வேண்டும். உள்பக்கமாக மூன்று ரீப்பர் குறுக்கே வரும். இதன்மேல்தான் தொட்டியின் விளிம்பு உட்காரும். ரீப்பரின் மேல்பக்கம் தரையிலிருந்து 10, 22, 34 அங்குல உயரத்தில் இருக்கட்டும். 12 அங்குல இடைவெளி அதிகம்போலத் தெரியும். ஆனால் தொட்டிக்கு 6, மூடியாக மேலே வரும் வலைச் சட்டத்துக்குக் கிட்டத்தட்ட 2 போனால், தீனிப் பெட்டிக்கும் உங்கள் கை நுழைவதற்கும் மிஞ்சுவது 4 அங்குலம்தான்.

இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒன்றாக அடுக்கி வைத்து, ரீப்பருக்கான கோட்டை இரண்டிலும் ஒரே வீச்சில் போடுங்கள். தனித்தனியாக அளந்தால் ஒரு பக்கம் நூல் அளவு ஏறும், தொட்டி சாயும். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ இறக்கும் முன் டிரில்லால் சின்னத் துளை போட்டுக்கொண்டால் ரீப்பர் பிளக்காது.

பிறகு இரண்டு பக்கத்தையும் நிமிர்த்தி, நடுவே தொட்டி விளிம்பின் அகலத்தோடு கால் அங்குலம் கூட விட்டு, மேலும் கீழும் பின்பக்கத்தில் குறுக்குக் கட்டை அடித்து இணைக்கவும். எனக்கு 20 அங்குல விளிம்பு, ஆகவே உள்ளகலம் 20 கால். இரண்டு பக்க ரீப்பரும் முக்கால் அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதால் நடுவே 18 முக்கால் அங்குலம் திறப்பு. தொட்டியின் உடம்பு 18தான், உரசாமல் இறங்கும். விளிம்பு ரீப்பர்மேல் தங்கும். அதே உயரத்தில் பின்னாலும் ஒரு ரீப்பர் குறுக்கே போட்டுவிடுங்கள், பின்விளிம்பும் தாங்கலோடு இருக்கும். ரசமட்டம் வைத்து, சுவரோடு எல் ஆங்கிள் போட்டுப் பிணைத்துவிட்டால் கூடு தயார்.

இடுக்கு

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். தொட்டிக்கென்று தனி மூடி கிடையாது. தலைக்கு மேல் அசையாமல் நிற்கும் வலைச் சட்டம்தான் மூடி. தொட்டியை இழுத்தால் திறந்தது, தள்ளினால் மூடியது. அப்படியானால் விளிம்புக்கும் வலைக்கும் நடுவே உள்ள இடுக்கு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டி இருந்தால் தொட்டி நகராது. பென்சில் நுழையும் அளவு இருந்தால் சுண்டெலியும் நுழையும். மண்டை ஓடு போனால் உடம்பு பின்னாலேயே போய்விடும். பால் மறக்கும் வயதுக் குட்டிக்கு அதைவிடச் சின்ன இடுக்கும் போதும்.

டேப்பை வைத்து அளந்து இந்த இடுக்கைக் கொண்டுவர நினைத்தால் தோற்றுப்போவீர்கள். நான் செய்வது இது. ரீப்பரில் 26க்கு 20 கால் அளவில் நாற்கரச் சட்டம் ஒன்று கூட்டி, அதன் அடிப்பக்கத்தில் வலையை இழுத்து ஸ்டேப்பிள் அடிப்பேன், இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. வலை கீழே, மரம் மேலே என்று இருந்தால்தான் சுண்டெலிக்கு மரம் எட்டாது. அப்புறம் தொட்டியை ரேக்கில் தள்ளி, பார்சல் வந்த அட்டைப் பெட்டியிலிருந்து நான்கு துண்டு கிழித்து, விளிம்பின் நான்கு மூலையிலும் வைப்பேன். அட்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கும். அதன்மேல் வலைச் சட்டத்தை உட்கார வைத்து, கையால் லேசாக அழுத்திக்கொண்டு, காலுக்கு வெளியிலிருந்து சட்டத்துக்குள் ஸ்க்ரூ. மூலைக்கு இரண்டு. பிறகு தொட்டியை மெதுவாக இழுத்தால் நான்கு அட்டையும் தொப்பென்று தொட்டிக்குள் விழும். அந்தச் சத்தம் வந்தால் அளவு சரி. அந்தத் தொட்டிக்கும் அந்த அடுக்குக்கும் ஒரே எண்ணை மார்க்கரால் எழுதிவிடுங்கள். 1ஆம் தொட்டியை 3ஆம் அடுக்கில் போட்டுவிட்டுப் புலம்பியவன் நான்.

முன்விளிம்புக்கு மட்டும் தாங்கல் இல்லை, அங்கே ரீப்பர் போட்டால் தொட்டியை இழுக்க முடியாது. புதிதில் நேராக நிற்கும். ஆறு மாதத்தில் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில்தான் என் வீட்டு முதல் தப்பியோட்டம் நடந்தது: வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மூன்று, என் மனைவியின் ஷூவுக்குள் ஒன்று. அதற்குப் பிறகு முன்விளிம்புக்குக் கீழே அலுமினிய எல் ஆங்கிள் ஒன்றை வெட்டி மூன்று போல்ட் போட்டு முடுக்கிவிட்டேன். இழுக்கக் கைப்பிடியாகவும் ஆயிற்று. தொட்டி தானாக முன்னால் நகராமல் இருக்க, காலில் ஒரு துண்டுக் கட்டையை ஒற்றை ஸ்க்ரூவில் சுழலும்படி விட்டால் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒருவர் முன்விளிம்பை நடுவில் கீழ்நோக்கி அழுத்த, இன்னொருவர் பென்சிலோடு சுற்றிலும் குத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் நுழைந்தாலும் திருத்தாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

தீனி, தண்ணீர்

வலைச் சட்டத்தின் பின்பாதியில் 10க்கு 4 அங்குலம் வெட்டி எடுத்து, அங்கே அரை அங்குல வலையைப் பிணைத்து, மேலே நாலு பக்கமும் பலகை வைத்துப் பெட்டியாக்கி, கனமான மூடி போட்டுவிடுங்கள். கட்டித் தீனியை அதில் கொட்டினால் சுண்டெலிகள் கீழிருந்து தொங்கிக்கொண்டே கொறிக்கும். மூடி முக்கியம், அரை அங்குலக் கண்ணில் குட்டிகள் ஏறிவிடும். தொட்டிக்குள் கிண்ணத்தில் வைத்தால் பாதித் தீனி கழிவோடு போகும். குட்டிகளுக்கு இரண்டு வாரம் ஆனதும் நாலு கட்டியை உள்ளேயும் போடுங்கள், அவற்றுக்கு மேலே எட்டாது.

தண்ணீருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்பிள் (சுண்டெலி நக்கினால் தண்ணீர் விடும் குழாய் முனை), புவியீர்ப்பில் ஓடும் குறைந்த அழுத்த வகை. மேலே ஒரு பாத்திரம், அதிலிருந்து மெல்லிய டியூப், அடுக்குக்கு ஒரு டி இணைப்பு. ஒரு அடி உயரத்துக்கு 0.43 பிஎஸ்ஐ அழுத்தம் கிடைக்கும், ரேக்குக்கு மேலே ஒரு அடியில் பாத்திரம் இருந்தாலே ஓடும். புதிதாக நிரப்பும்போது டியூபில் காற்று அடைத்துக்கொள்ளும். கடைசி நிப்பிளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக் குமிழி போகும்வரை விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நிரம்பிய பாத்திரத்துக்குக் கீழேயே தாகத்தில் சாகும்.

இந்த நிப்பிளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வலைக்குக் கீழே ஒரு அங்குலம் தொங்கினால்தான் அவற்றுக்கு எட்டும். ஆனால் தொட்டியை இழுக்கும்போது பின்சுவர் வந்து அதில் மோதும். ஒரு நாள் அவசரத்தில் இழுத்தேன், டியூப் பிடுங்கிக்கொண்டது, நான் கவனிக்காமல் தொட்டியைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மேலே இருந்தது 5 காலன் பக்கெட், அதாவது 19 லிட்டர். காலையில் தொட்டிக்குள் 6 சென்டிமீட்டர் தண்ணீர். பெரியவை வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. கூட்டில் இருந்த குட்டிகள் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, நிப்பிளை வலையோடு இறுக்காமல், ஒரு துளை வழியாக ஏறி இறங்கும்படி விட்டு, மேலே துணிக் கிளிப் போட்டு நிறுத்தினேன். தொட்டியை இழுக்கும் முன் கிளிப்பைப் பிடித்து ஒரு இழுப்பு, நிப்பிள் மேலே வந்துவிடும். வலைக்குக் கீழே உலோகம் மட்டும்தான் தெரிய வேண்டும், பிளாஸ்டிக் டியூப் தெரிந்தால் கடித்துவிடும். இரண்டாவது, பக்கெட்டைத் தூக்கிப் போட்டேன். வளர்ந்த சுண்டெலி ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 5 மில்லி. பால் கொடுக்கும் தாய் இரண்டு மூன்று மடங்கு குடிக்கும். மூன்று தொட்டிக்கும் சேர்த்தே ஒரு லிட்டர் தாராளம். இப்போது 2 லிட்டர் ஜக்தான். முழுக்கக் கொட்டினாலும் தொட்டிக்குள் பரப்பிய மரச்சீவல் உறிஞ்சிக்கொள்ளும். சீவலைக் குவித்து நிப்பிளைத் தொடும்படி செய்துவிட்டால் அதுவும் சொட்டிக்கொண்டே இருக்கும், அதனால் தினமும் ஒரு பார்வை.

எங்கே வைப்பது

கராஜில் கட்டலாம், வைக்க வேண்டாம். டெக்சஸ் கோடையில் மூடிய கராஜ் அடுப்புதான். சோதனைக்கூடச் சுண்டெலிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் வெப்பநிலை 20 முதல் 26 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் ஈற்று குறையும், ஆணின் வீரியம் போகும். எங்கள் ரேக் துணி துவைக்கும் அறையில், வெளியே காற்றைத் தள்ளும் விசிறிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆண் சுண்டெலியின் மூத்திர நாற்றம் பெரிய எலியைவிடக் காட்டம். அறைக்குள் நுழைந்ததும் உங்கள் கண் கரித்தால், நாள் முழுக்க அதையே சுவாசிக்கும் அவற்றுக்கு எப்படி இருக்கும்?

தொட்டித் தரைக்கு ஆஸ்பென் மரச் சீவல், இல்லாவிட்டால் சூளையில் உலர்த்திய பைன். செடார் வாசனையாக இருக்கும், ஆனால் அந்த வாசனைதான் மூச்சுக்குழாய்க்கும் ஈரலுக்கும் ஆகாதது. வாரம் ஒரு முறை மாற்றும்போது கூட்டிலிருந்து ஒரு பிடி பழைய சீவலை உள்ளேயே விட்டுவைத்தால் பதற்றம் குறையும். குட்டி போட்ட முதல் மூன்று நாள் அந்தத் தொட்டியைத் தொடவே வேண்டாம். முதல் ஈற்றைத் தாய் தின்றுவிட்டால் பயப்படாதீர்கள், புதுத் தாய்களிடம் நடக்கும். இரண்டாவதிலும் நடந்தால் தீனி, தண்ணீர், சத்தம் மூன்றையும் பாருங்கள்.

மூன்று வாரத்தில் குட்டிகளைப் பிரித்து, நான்கு வாரத்துக்குள் ஆண் பெண் தனியாக்குங்கள். ஐந்தாறு வாரத்தில் அவையே ஈனத் தயார். மூன்றாம் தொட்டியின் நடுவில் ஒரு தகரத் தடுப்பு போட்டிருக்கிறேன், ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். சுண்டெலி வழியாக வரும் எல்சிஎம் வைரஸ் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. மற்றவர்களும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சமையலறைப் பக்கம் போகக்கூடாது. சால்மோனெல்லா கிருமி உறைய வைத்தாலும் சாகாது, சாப்பாடு வைக்கும் ஃப்ரீசரில் இவற்றை வைக்காதீர்கள்.

கொல்வதைப் பற்றிப் பேசாமல் நழுவக்கூடாது. உயிரோடு பாம்புக்கு விட்டால் சுண்டெலி திருப்பிக் கடிக்கும், பாம்பின் கண் போன கதைகள் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, கரியமில வாயுவைப் பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில், படிப்படியாகச் செலுத்தச் சொல்கிறது. மீட்டர் பொருத்திய சிலிண்டர் வேண்டும், வினிகரும் சோடாவும் கலக்கும் விளையாட்டு இதற்கு ஆகாது. பிறந்து சில நாளே ஆன பிங்கிகளுக்கு இந்த வாயு சீக்கிரம் வேலை செய்யாது, வெகுநேரம் தாங்கும். அவற்றுக்கு என்ன செய்வது என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. இந்தப் பகுதியைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது என்றால், தொட்டி வாங்கப் போகும் முன்பே அது தெரிந்தது நல்லது.

பெரிய எலிக்குக் கட்டுவதானால்

பால் பைத்தான் (பந்துபோலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை) வைத்திருப்பவர்கள் பெரிய எலிதான் வளர்ப்பார்கள். இதே ரேக் போதுமா என்று கேட்கிறார்கள். 6 அங்குலத் தொட்டியில் எலியையும் வளர்ப்பவர்கள் நிறையப் பேர். நான் ஒப்பமாட்டேன். சோதனைக்கூட வழிகாட்டியிலேயே எலிக்குக் குறைந்தபட்ச உயரம் 7 அங்குலம், சுண்டெலிக்கு 5. சீவல் ஓர் அங்குலம் போனால் 6 அங்குலத் தொட்டியில் எலி பின்னங்காலில் நிற்கவே முடியாது. 36க்கு 24, ஆழம் 8 வரும் பெரிய தொட்டியை எடுங்கள். வலை முழுக்க அரை அங்குலக் கண் போதும், இடுக்கும் அவ்வளவு நெருக்கமாக வேண்டியதில்லை. ஆனால் தொட்டி கனம், ரீப்பருக்குப் பதில் 2க்கு 2 கட்டை, முன்விளிம்புக்கு இரும்பு ஆங்கிள், அடுக்குக்கு 14 அங்குலம். தண்ணீர் ஜக்கும் பெரிதாக வேண்டும். எலி ஒன்றே ஒரு நாளைக்கு 25, 30 மில்லி குடிக்கும்.